வேறு வேறு மதத்தவர் கல்யாணம்: எதை முதலில் பேசுவது, எங்கே பதிவது – முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் பெரியப்பா வீடு கோயிலுக்கும் சித்தப்பா வீடு சர்ச்சுக்கும் போகும் குடும்பங்கள் ஏராளம். அங்கே இந்து–கிறிஸ்தவக் கல்யாணம் புதிதல்ல. அப்படிப்பட்ட ஜோடிகளோடும், இந்து–முஸ்லிம் ஜோடிகளோடும் சார் பதிவாளர் அலுவலக வாசலிலும் பெற்றோர் வீட்டுக் கூடத்திலும் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் தடுமாறியது வேலைகளின் வரிசையில்தான். மண்டபம் பிடித்த பிறகு பாதிரியாரைப் பார்க்கிறார்கள். பத்திரிகை அடித்த பிறகு எந்தச் சட்டத்தில் பதிவது என்று கேட்கிறார்கள். குழந்தை பிறந்த பிறகு அதன் மதத்தைப் பேசுகிறார்கள்.

இது தமிழ்நாட்டில் வாழும், இருவருமே இந்தியக் குடிமக்களாக இருக்கும் ஜோடிக்கான வழிகாட்டி. 1 முதல் 5 வரை உள்ளவற்றை நீங்கள் இருவர் மட்டும் செய்ய வேண்டும். வீட்டார் வருவது 6இல்தான். காரணம் இது: நீங்கள் முடிவெடுக்காமல் விட்ட ஒவ்வொன்றையும் இரண்டு வீட்டாரும் தனித்தனியாக முடிவெடுத்துவிடுவார்கள், பெரும்பாலும் எதிரெதிராக.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் இருந்தால் அது, சாதிச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ். கிறிஸ்தவராக இருந்தால் ஞானஸ்நானச் சான்றிதழ். முன்பே ஒரு கல்யாணம் ஆகி முடிந்திருந்தால் விவாகரத்துத் தீர்ப்பின் நகல் அல்லது துணைவரின் இறப்புச் சான்றிதழ்.

இவற்றின் அசலை அவரவர் தங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் விஷயம் வெளியானதும் முதலில் பீரோவுக்குள் போய்ப் பூட்டப்படுவது பெண்ணின் சான்றிதழ்கள்தான்.

1. காகிதத்தில் என்ன மதம், வழக்கத்தில் என்ன மதம் என்று பாருங்கள்

"நான் இந்து, அவர் கிறிஸ்டியன்" என்று சொல்வது போதாது. கத்தோலிக்கமா, சி.எஸ்.ஐ.யா, லுத்தரனா, பெந்தெகொஸ்தேயா? ஒவ்வொன்றிலும் விதிகள் வேறு. கத்தோலிக்கப் பங்கில் (உள்ளூர்ச் சபையில்) மதம் மாறாத துணைவரோடு கல்யாணம் நடத்த முறையான வழி இருக்கிறது. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் ஞானஸ்நானம் எடுக்காதவரோடு கல்யாணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பொட்டு, பூ, நகைக்கும் கட்டுப்பாடு இருக்கும். முஸ்லிம் வீடு என்றால் தர்காவுக்குப் போகும் வீடா, அதை ஏற்காத வீடா? இந்து வீடு என்றால் சைவச் சாப்பாட்டு வீடா, குலதெய்வத்துக்குக் கிடா வெட்டும் வீடா? இவ்வளவும் தெரிந்தால்தான் எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதே தெரியும்.

அடுத்து காகிதம். ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிறவரின் சாதிச் சான்றிதழில் 'இந்து' என்று இருப்பது நம் ஊரில் அபூர்வமல்ல. இதை ஒளிக்காமல் துணைவரிடம் சொல்லிவிடுங்கள். 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே. ஞானஸ்நானம் பெற்று கிறிஸ்தவ வழக்கத்தில் வாழ்ந்த ஒரு பெண் இந்துப் பட்டியல் சாதிச் சான்று கேட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் அதை மறுத்தது. அரசு வேலையில் இருப்பவருக்கோ தேர்வுக்குப் படிப்பவருக்கோ சர்ச் பதிவேட்டில் விழும் ஒரு கையெழுத்து வாழ்க்கையையே தொடும். இந்த விதி நியாயமா என்பது வேறு கேள்வி. இன்றைக்குச் சட்டம் இப்படி இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

2. இருவரும் தனியாக உட்கார்ந்து பேசி, எழுதி வையுங்கள்

"நமக்குள்ள அதெல்லாம் பிரச்சினையே இல்ல" என்று சொல்லும் ஜோடிகளைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. சாமியைப் பற்றிப் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. சண்டை வருவது சின்ன விஷயங்களில். அவற்றை ஒவ்வொன்றாக எடுங்கள்.

படைத்த சாப்பாடு. சரஸ்வதி பூஜை சுண்டலை, கோயில் பிரசாதத்தைச் சாப்பிடுவீர்களா? சாமிக்குப் படைத்ததைத் தொடக் கூடாது என்று நம்பும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் உண்டு. மருமகளோ மருமகனோ கொழுக்கட்டையை ஒதுக்கிவைத்தால் மாமியார் தன்னையே ஒதுக்கியதாக எடுத்துக்கொள்வார். இதை முன்பே சொல்லிவைத்தால், படைப்பதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடலாம். பல வீடுகளில் இந்த எளிய ஏற்பாடே பெரிய சச்சரவைத் தவிர்த்திருக்கிறது.

கறி. மாட்டுக்கறி, பன்றிக்கறி, ஹலால், வெள்ளிக்கிழமை சைவம். வீட்டுக்குள் எது வரலாம், எது வெளியே மட்டும், எந்தப் பாத்திரம் பொது என்று பேசுங்கள்.

பொட்டு, பூ, தாலி. பெண்ணின் நெற்றியை வைத்துத்தான் ஊர் அவளுடைய மதத்தைக் கணக்குப் போடுகிறது. பொட்டு வைப்பதும் வைக்காததும் அவள் முடிவு என்று இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டு வீட்டிலும் எடுத்துச் சொல்வது கணவனின் வேலை. அவள் வாயால் சொல்ல விட்டால் அது திமிராகிவிடும்.

நோன்பும் விரதமும். ரமலான், தவக்காலம், சபரிமலை மாலை, சஷ்டி. மாலை போட்ட கணவனுக்கு 41 நாள் வீடு எப்படி இருக்க வேண்டும்? நோன்பு வைத்த மனைவிக்கு ஸஹருக்கு (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டுக்கு) யார் எழுந்து சமைப்பது? மாதவிடாய் நாட்களில் பூஜை அறைப் பக்கம் போகக் கூடாது என்ற வழக்கம் வீட்டில் இருக்கிறதா?

பணம். இதைப் பேசாமலே விட்டுவிடுகிறார்கள். தசமபாகம் கொடுக்கும் கிறிஸ்தவர் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்து வைப்பார். ஜகாத் என்பது சேமிப்பில் 2.5 சதவீதம். குலதெய்வக் கோயில் கொடை விழாவுக்கு வரி வரும். கடனில் வீடு வாங்கி மாதத் தவணை கட்டும்போது இவை கண்ணை உறுத்தும். அவரவர் சம்பளத்திலிருந்தா, பொதுப் பணத்திலிருந்தா, எவ்வளவு வரை? தொகையாகவே எழுதுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி, இருவரும் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டியது: "நான் கடைசிவரைக்கும் மனசு மாறாம இப்படியே இருந்தா உனக்குச் சரியா?" போகப்போக மாறிவிடுவாள், ஜெபத்தால் மாறிவிடுவான் என்ற எதிர்பார்ப்போடு வருபவர்கள் உண்டு. அந்த எதிர்பார்ப்பு கெட்ட எண்ணத்தில் வருவதில்லை, ஆசையில் வருவது. ஆனால் அது இருக்கிறது என்றால் இப்போதே வெளியே வர வேண்டும். இதற்கு "சரி" என்று மனதாரச் சொல்ல முடியாதவர்கள் கல்யாணத்தைத் தள்ளிப் போடுவது நல்லது.

பேசியதை ஒரு நோட்டில் எழுதுங்கள். இதற்குச் சட்டப் பலம் கிடையாது. பிறகு நெருக்கடி வரும்போது, என்ன ஒத்துக்கொண்டோம் என்ற ஞாபகம் இருவருக்கும் வேறு வேறாக இருக்கும், அதற்காகத்தான் எழுத்து.

3. குழந்தையைப் பற்றி முடிவெடுங்கள்

இதைத் தனிப் படியாக வைக்கக் காரணம், இரண்டு வீட்டாருமே உங்கள் இருவரையும் விட்டுக்கொடுத்தாலும் பேரப்பிள்ளையை விட்டுக்கொடுக்கத் தயங்குவார்கள்.

"வளந்த பிறகு அதுவே முடிவெடுக்கட்டும்" என்பது நல்ல எண்ணம். ஆனால் அது பதினெட்டு வயதுக்கான பதில். பிறந்த சில மாதங்களிலேயே கேள்விகள் வரிசையாக வரும்: என்ன பெயர், ஞானஸ்நானமா, குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்துமா, சுன்னத்தா? பெயரை மட்டும் இரண்டு பக்கமும் கூப்பிடக்கூடிய தமிழ்ப் பெயராக வைத்துக் கடந்துவிடலாம். மற்றவை அப்படி இல்லை. ஞானஸ்நானம் பதிவேட்டில் ஏறும். சுன்னத்தைத் திரும்பப் பெற முடியாது. திரும்பப் பெற முடியாதவற்றை இருவரும் வாய்விட்டுச் சம்மதித்தால் மட்டுமே செய்வது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை போடுவதில் அந்த அளவு கனமில்லை, முடி வளர்ந்துவிடும்.

கத்தோலிக்கத் துணைவர் இருந்தால் இன்னொன்று. வேறு மதத்தவரை மணக்க ஆயரின் (பிஷப்பின்) விதிவிலக்கு தேவை. அதற்கு, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் முடிந்ததைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் துணைவர் வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவர் வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவருக்கு இது தெரிவிக்கப்பட வேண்டும். பங்குத்தந்தையின் அறையில் முதன்முறையாக இதைக் கேட்டு முகம் வெளிறுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் படியிலேயே அதைப் பேசி முடியுங்கள்.

பள்ளி விண்ணப்பத்தில் சாதி, மதம் இல்லை என்று எழுதவோ அந்த இடத்தைக் காலியாக விடவோ தமிழ்நாட்டில் 1973 முதல் அரசாணை இருக்கிறது. பள்ளியில் மறுத்தால் அரசாணையைக் காட்டலாம். ஆனால் சாதிச் சான்று இல்லாமல் இட ஒதுக்கீடு கிடைக்காது. அதைக் குழந்தை சார்பில் விட்டுக்கொடுக்கத் தயாரா என்று யோசியுங்கள்.

4. மதம் மாறுவதைக் கல்யாணத் தேதியோடு முடிச்சுப் போடாதீர்கள்

தென் மாவட்டங்களில் சாதி ஒன்றாக இருந்து மதம் மட்டும் வேறானால் வீட்டார் சொல்லும் வழி ஒன்றே ஒன்று: "கல்யாணத்துக்கு முந்தி பொண்ணுக்கு ஞானஸ்நானம் குடுத்திரலாம், அவ்வளவுதான்." முஸ்லிம் வீட்டில் கலிமா (இஸ்லாமிய உறுதிமொழி) சொல்லிப் பெயர் மாற்றுவது. இந்து வீட்டில் சர்ச்சை மறந்துவிடச் சொல்வது. எல்லாவற்றிலும் மாறச் சொல்லப்படுவது பெரும்பாலும் பெண்தான்.

மனதால் நம்பி மாறுகிறவரை யாரும் தடுக்கக் கூடாது. சடங்கு நடக்க வேண்டும் என்பதற்காக மாறுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். சட்டம் அதை ஒரு நாள் சடங்காகப் பார்ப்பதில்லை.

பட்டியல் சாதித் தகுதி போகலாம் என்பதை மேலே சொன்னேன். சொத்தும் இருக்கிறது. மதம் மாறியவரின் சொந்த வாரிசுரிமை 1850ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்படுகிறது. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, மாறிய பிறகு அவருக்குப் பிறக்கும் பிள்ளைகள், சொத்துப் பிரியும் நேரத்தில் இந்துவாக இல்லாவிட்டால், இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. தாத்தா உயில் எழுதாமல் இறந்தால் பேரன் வெளியே நிற்பான்.

பெயர் குழப்பமும் வரும். நிக்காஹ் பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொன்று, மதிப்பெண் பட்டியலில் பழையது. பாஸ்போர்ட், விசா, வங்கிக் கடன் எல்லாவற்றிலும் இது முட்டும். பெயரை மாற்றுவது என்று முடிவெடுத்தால் அரசிதழில் வெளியிட்டு எல்லா ஆவணங்களையும் மாற்றுங்கள். பாதியில் விடாதீர்கள்.

உண்மையில் மாற விருப்பம் இருந்தால் கல்யாணத்துக்கு ஓராண்டு கழித்துச் செய்யுங்கள் என்பது என் ஆலோசனை. அப்போது அது யாரும் கேட்டு வாங்கியதாக இருக்காது.

5. எந்தச் சட்டத்தில் கல்யாணம் என்று தேர்ந்தெடுங்கள்

தவறினால் சரிசெய்யக் கடினமானது இந்தப் படி. நிதானமாகப் படியுங்கள்.

இந்து திருமணச் சட்டம், 1955. இருவரும் இந்துவாக இருக்க வேண்டும். பௌத்தர், சமணர், சீக்கியர் இதில் அடங்குவர். ஒருவர் கிறிஸ்தவராக இருக்கும்போது கோயிலில் தாலி கட்டி இந்தச் சட்டத்தில் பதிந்த கல்யாணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஒரு ஆந்திர வழக்கில் தீர்ப்பளித்தது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைக் கல்யாணம் என்றால் எந்த மதத்தவரும் செய்யலாம் என்று நினைக்கிறார்கள். 1967இல் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவும் இரண்டு இந்துக்களுக்கு இடையிலான கல்யாணத்துக்கே பொருந்தும். மேடையில் தலைவர் முன்னிலையில் மாலை மாற்றுவதை யாரும் தடுக்கவில்லை, சட்டப் பதிவுக்கு வேறு வழி தேட வேண்டும், அவ்வளவே.

இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், 1872. ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும். ஆகவே சபை சம்மதித்தால், இந்துத் துணைவர் மதம் மாறாமலே சர்ச்சில் நடக்கும் கல்யாணம் சட்டப்படி செல்லும். பலருக்கு இது தெரிவதில்லை. சட்டம் விட்டாலும் சபை விடாது என்பதுதான் பொதுவான தடை.

நிக்காஹ். சுன்னி வழக்கில் முஸ்லிம் ஆண் கிறிஸ்தவப் பெண்ணை மணக்கலாம். இந்துப் பெண் மதம் மாறாமல் செய்யும் நிக்காஹ் முறை தவறியதாக, அதாவது முழுக்கச் செல்லாததாகவும் இல்லாமல் முழுக்கச் செல்லுபடியாவதாகவும் இல்லாமல், கருதப்படும். 2019இல் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லி, அதில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் சொத்தில் பங்கு உண்டு, மனைவிக்கு வாரிசுரிமை இல்லை என்றது. முஸ்லிம் பெண் வேறு மதத்து ஆணை மணக்க முஸ்லிம் சட்டத்தில் இடமில்லை.

சிறப்புத் திருமணச் சட்டம், 1954. யாரும் மதம் மாறத் தேவையில்லை. இந்து–முஸ்லிம் ஜோடிக்கு இதைத் தவிர வேறு வழியை நான் சொல்வதில்லை. இந்து–கிறிஸ்தவ ஜோடிக்கும் சபை விதிவிலக்குத் தராதபோது இதுவே வழி. இரண்டு விளைவுகளை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இந்து ஒருவர் வேறு மதத்தவரை இதில் மணந்தால் 19ஆம் பிரிவுப்படி கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார். அவருடைய பங்கு போகாது. 21ஆம் பிரிவுப்படி உங்கள் சொத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925இன்படி பிரியும்.

"ஒரே நாள்ல ரிஜிஸ்டர் மேரேஜ் முடிச்சுத் தர்றேன்" என்று சொல்லும் இடைத்தரகரை நம்பாதீர்கள். அவர் செய்யப்போவது, அவசரமாக ஒரு மதமாற்றச் சான்று வாங்கி இந்து திருமணச் சட்டத்தில் பதிவது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இன்படி எல்லாக் கல்யாணத்தையும் 90 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது உண்மை. ஆனால் செல்லாத கல்யாணத்தை அந்தப் பதிவு செல்ல வைக்காது.

6. இப்போது வீட்டில் சொல்லுங்கள்

அவரவர் வீட்டில் அவரவர், தனியாக. முதல் நாளே துணைவரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அப்பா அம்மா முதலில் அழவும் கோபப்படவும் இடம் வேண்டும். அந்த நேரத்தில் அவர்கள் வாயில் வரும் சொல்லைத் துணைவர் கேட்டுவிட்டால் அது ஆயுளுக்கும் மறக்காது.

முடிவானதையும் முடிவாகாததையும் பிரித்துச் சொல்லுங்கள். "அம்மா, அவளும் மாறப் போறதில்ல, நானும் மாறப் போறதில்ல. அது முடிவு. கல்யாணம் எந்த ஊர்ல, யார் யாரைக் கூப்பிடறதுங்கறதை நீங்கதான் சொல்லணும்." பெற்றோருக்கு முடிவெடுக்க உண்மையாகவே ஏதாவது இருக்க வேண்டும். எல்லாம் முடித்துவிட்டுத் தகவல் சொன்னால், அவர்கள் கையில் மிஞ்சுவது மறுப்பு ஒன்றுதான்.

இங்கே நடக்கும் பெரிய தவறு: தன் அப்பாவைச் சமாதானப்படுத்த "கொஞ்ச நாள்ல அவ மாறிருவா" என்று மகன் சொல்வான். அவள் வீட்டில் "அவரே சர்ச்சுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கார்" என்று மகள் சொல்வாள். இரண்டு வாக்குகளும் வளைகாப்பு அன்று நேருக்கு நேர் சந்திக்கும். புதிதாக எதைக் கேட்டாலும் "ரெண்டு பேரும் பேசிட்டுச் சொல்றோம்" என்று மட்டும் சொல்லிப் பழகுங்கள்.

மறுப்புக்குப் பின்னால் இருப்பது பல சமயம் சாமி இல்லை. தங்கைக்கு வரன் வருமா, ஊர் கமிட்டி வரி வாங்குமா, ஜமாஅத் ஒதுக்கிவைக்குமா, நாளை செத்தால் கபர்ஸ்தானில் இடம் கிடைக்குமா என்ற பயம். அந்தப் பயத்தைப் பொறுமையாகக் கேளுங்கள். அப்பாவின் வயதில் இருக்கும் ஒரு மாமாவோ பெரியம்மாவோ நடுவில் பேசினால் சில வீடுகள் இறங்கி வரும்.

மிரட்டல், வீட்டுக் காவல், அடி என்று போனால் பேச்சுவார்த்தை அங்கேயே முடிந்தது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிரம்பியிருந்தால் யாருடைய அனுமதியும் தேவையில்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய ஜோடிகளுக்குப் பாதுகாப்புத் தரவும் மாவட்டம்தோறும் தனிப் பிரிவு வைக்கவும் உத்தரவிட்டிருக்கிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமோ மாநகரக் காவல் ஆணையரிடமோ எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181.

7. சிறப்புத் திருமணச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள்

உங்களில் ஒருவராவது கடைசி 30 நாட்களாக வசிக்கும் மாவட்டத்தில்தான் அறிவிப்புக் கொடுக்க முடியும். பதிவுத் துறை இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, ஆவணங்களோடு திருமண அலுவலராக இருக்கும் பதிவாளரிடம் இருவரும் நேரில் போங்கள். வேலைக்காகச் சென்னையில் இருப்பவர்கள் அங்கே வசிப்பதற்கான சான்றைத் தயாராக வைக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் இல்லாமல் அலைந்தவர்கள் நிறைய.

அறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால் அங்குள்ள அலுவலகத்துக்கும் நகல் போகும். அதாவது சென்னையில் கொடுத்தாலும் சொந்த ஊரில் தெரிந்துவிடலாம். வீட்டில் சொல்லும் படியை இதற்கு முன்னால் வைத்ததற்கு இது முக்கியக் காரணம். பலகையைப் பார்த்த மூன்றாம் மனிதர் சொல்லி அப்பாவுக்குத் தெரிய வருவது பெரிய அவமானம். வீட்டில் ஆபத்து இருந்தால் காவல் துறை மனுவை முதலில் கொடுத்துவிட்டு அறிவிப்புக் கொடுங்கள். உத்தரப் பிரதேசத்தில் 2021இல் உயர் நீதிமன்றம் இந்த வெளியீட்டை ஜோடியின் விருப்பத்துக்கு விட்டது. அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படியே என்று கணக்குப் போடாதீர்கள்.

30 நாட்களுக்குள் யாரும் ஆட்சேபிக்கலாம். ஆனால் வயது, முன் கல்யாணம், நெருங்கிய உறவு, மனநிலை போன்ற 4ஆம் பிரிவின் காரணங்களுக்கு மட்டுமே மதிப்பு. "மதம் வேறு", "எங்களுக்குச் சம்மதமில்லை" என்பவை சட்டத்தின் கண்ணில் ஆட்சேபமே ஆகாது. அலுவலர் மறுத்தால் 30 நாட்களுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும். தாண்டினால் புதிதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆகவே சடங்கு நாளுக்கு இரண்டு மாதம் முன்பு கொடுப்பது வசதி. அன்று மூன்று சாட்சிகள் அடையாள அட்டையோடு வர வேண்டும். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, வாசலில் நிற்கும் முன்பின் தெரியாத ஒருவரைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். பின்னால் சாட்சி தேவைப்பட்டால் அவரை எங்கே தேடுவீர்கள்? இரண்டு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவராவது சாட்சியாக வந்தால் அதைவிட நல்லது இல்லை.

8. சடங்கு எது, எந்த நாள்

ஒரு சடங்கு கல்யாணமாகவும் மற்றொரு பக்கம் ஆசீர்வாதமாகவும் இருப்பது நல்லது. காலையில் கோயிலில் தாலி, மாலையில் சர்ச்சில் மறுபடி வாக்கு என்று திட்டமிடுகிறவர்கள் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் அதே கல்யாணத்துக்கு இன்னொரு சமயச் சடங்கில் சம்மதம் கொடுப்பதைத் தடுக்கிறது. பங்குத்தந்தையிடம் மறைத்துச் செய்து, புகைப்படம் மூலம் தெரிந்து, பெரிய வருத்தத்தில் முடிந்திருக்கிறது. தமிழ்நாட்டுச் சர்ச்சுகளில் தாலியை மந்திரித்துக் கட்டும் வழக்கம் இருப்பதால், இந்து வீட்டார் செய்து தரும் தாலியையே அங்கே கட்டலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பெரியவர்கள் மனம் குளிர்ந்துவிடும்.

சிறப்புத் திருமணச் சட்டத்தில் முதலில் முடித்துவிட்டு, பிறகு சர்ச்சுக்குப் போவதாக இருந்தால் அதையும் மறைக்காமல் பங்குத்தந்தையிடம் முன்பே சொல்லுங்கள். சடங்கு முதலில் நடந்திருந்தால் 15ஆம் பிரிவில் அந்தக் கல்யாணத்தைப் பதியலாம். அதற்கும் 30 நாள் அறிவிப்பு உண்டு.

தேதி: ஆடி, மார்கழியில் இந்து வீடு சம்மதிக்காது. தவக்காலத்தில் சர்ச் சம்மதிக்காது. ரமலான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும், காலண்டரைப் பாருங்கள். தை மாதத்தில் சாம்பல் புதனுக்கு (தவக்காலம் தொடங்கும் நாளுக்கு) முந்திய வாரங்கள் பலருக்கும் ஒத்துவரும். ஈஸ்டருக்குப் பிறகு வைகாசியும் சரி. ராகு காலத்தைத் தவிர்ப்பதில் கிறிஸ்தவ வீட்டுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, நேரத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

9. முதல் ஒரு வருஷம்

எல்லாப் பண்டிகையும் முதல்முறையாக வரும். தலைதீபாவளி, முதல் கிறிஸ்துமஸ், முதல் பெருநாள். ஒவ்வொன்றும் வருவதற்கு ஒரு வாரம் முன்பு நோட்டை எடுத்து, எங்கே போகிறோம், யார் எதில் கலந்துகொள்வது, எதில் ஒதுங்கி உட்காருவது என்று பேசுங்கள். கூட நிற்பது வேறு, கும்பிடுவது வேறு. கூட நிற்க இருவரும் ஒத்துக்கொண்டால் வீட்டார் பெரும்பாலும் அதோடு திருப்தியாகிவிடுவார்கள்.

வீட்டுக்குள் பூஜை அலமாரியும் சிலுவையும் ஒரே சுவரில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தொழுகைக்குப் படங்கள் இல்லாத ஒரு மூலை தேவைப்படும், அதை வீடு பார்க்கும்போதே யோசியுங்கள்.

எந்தப் பக்கத்து உறவினர் வரம்பு மீறிப் பேசுகிறாரோ, உங்களில் அந்தப் பக்கத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். மாமியாருக்கு மருமகள் பதில் சொல்லும் நிலை வரக் கூடாது.

10. உயிலும் இறுதிச் சடங்கும்

இளம் ஜோடிகள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தவர் உயில் எழுதாமல் இறந்தால், பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கோ கணவனுக்கோ மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. பெற்றோருக்கு ஒன்றும் இல்லை. உங்களை நம்பி வயதான அம்மா இருந்தால் இந்தக் கணக்கில் அவருக்கு எதுவும் கிடைக்காது. ஆகவே கல்யாணத்துக்குப் பிறகு உயில் எழுதுங்கள். முன்பு எழுதியிருந்தாலும் மறுபடி எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும், சொத்துப் பெறுகிறவர் சாட்சியாக இருக்கக் கூடாது. வங்கிக் கணக்கு, வருங்கால வைப்பு நிதி, காப்பீடு எல்லாவற்றிலும் நியமனதாரர் பெயரையும் மாற்றுங்கள்.

புதைப்பதா எரிப்பதா, எங்கே, யார் முன்னின்று செய்வது என்பதையும் எழுதி, கையெழுத்திட்டு, துணைவரிடமும் உடன்பிறந்த ஒருவரிடமும் கொடுங்கள். சர்ச் கல்லறைத் தோட்டத்தில் இடம் பெரும்பாலும் அந்தச் சபையில் பெயர் உள்ளவருக்குத்தான். கபர்ஸ்தானில் ஜமாஅத்தின் சம்மதம் வேண்டும். கணவன் மனைவி இருவரும் ஒரே இடத்தில் என்று ஆசைப்பட்டால், அங்கே இடம் தருவார்களா என்று இப்போதே கேட்டு வையுங்கள். தராவிட்டால் உள்ளாட்சி மயானம் இருக்கிறது. அது எங்கே, யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை அதே தாளில் எழுதிவிடுங்கள்.